தெருவுல தேங்கி நின்ன தண்ணி: மார்க்கெட் ஸ்ட்ரீட் ஃபிலிமுக்கு தேதி கிடைச்ச விதம்

13 நிமிஷம் ஓடுற ஒரு பழைய ஃபிலிம். சத்தம் கிடையாது, கதை கிடையாது, நடிகர்னு யாரும் கிடையாது. சான் பிரான்சிஸ்கோல மார்க்கெட் ஸ்ட்ரீட்னு ஊர நடுவுல வகுந்துட்டு போற பெரிய தெரு இருக்கு, அதுல ஓடுற கேபிள் காரோட (தரைக்கு அடியில ஓடற கேபிள் இழுத்துட்டு போற டிராம் வண்டி) மூஞ்சில கேமராவ வச்சு கட்டிட்டு, எட்டாவது தெரு பக்கத்துல கிளம்பி, கடல் ஓரத்துல மணிக்கூண்டோட நிக்கற ஃபெரி பில்டிங் வரைக்கும் நேரா போறாங்க, சுமார் ஒன்றரை மைல், அவ்வளவுதான் படம். குதிரை வண்டி குறுக்க போகுது, தொப்பி போட்ட ஆளுங்க தண்டவாளத்துல சாவகாசமா நடக்கறாங்க, பொடிப்பசங்க கார் பின்னாடி தொத்திட்டு வர்றாங்க, பேப்பர் போடற பையன் கேமராவ உத்துப் பாக்கறான். நான் இத முதல் தடவ பாத்தப்ப அதுக்கு கீழ 1905 செப்டம்பர்னு போட்டிருந்துச்சு. சரி 1905 போலனு நானும் நெனச்சுட்டு போயிட்டேன். அந்த தேதி தப்பு. அது தப்புன்னு எப்படி தெரிஞ்சுதுங்கறதுதான் இந்த ஆய்வு, ஏன்னா பழைய ஃபிலிமுக்கு தேதி கண்டுபிடிக்கறதுனா என்ன வேலைனு இத விட தெளிவா காட்டற கேஸ் எனக்கு தெரிஞ்சு வேற இல்ல.

எடுத்தவங்க மைல்ஸ் பிரதர்ஸ். ஹாரி, ஹெர்பர்ட், ஏர்ல், ஜோ, நாலு அண்ணன் தம்பிங்க. அமெரிக்கால ஃபிலிம் ரீல வாடகைக்கு விடற தொழில ஆரம்பத்துலயே பண்ணவங்கள்ல இவங்களும் உண்டு, அதுக்கு முன்னாடி தியேட்டர்காரன் ரீல வெலைக்கு வாங்கணும். இவங்க ஸ்டுடியோ 1139 மார்க்கெட் ஸ்ட்ரீட்ல இருந்துச்சு, அதாவது படம் கிளம்பற எடமே அவங்க வாசப்படிதான். யார் எடுத்தா, எங்க எடுத்தாங்கறதுல பெரிசா சண்டை இல்ல. எப்போங்கறதுலதான் சிக்கல்.

ரொம்ப வருஷமா அமெரிக்காவோட தேசிய நூலகம் மாதிரியான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் குறிப்புல 1905 செப்டம்பர்னு இருந்துச்சு. அத சும்மா போடல, அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. தெருவோரத்துல கட்டிட்டு இருக்கற பில்டிங்க எல்லாம் எந்த நெலமைல இருக்குனு பாத்து, இந்த மாடி இன்னும் ஏறல, இந்த சாரம் இன்னும் இறங்கலனு கணக்கு போட்டு வந்த தேதி அது. கட்டடத்த வச்சு தேதி சொல்றது நல்ல வழிதான், எல்லா ஆவணக் காப்பகத்துலயும் முதல்ல இதத்தான் பாப்பாங்க. ஆனா கட்டட வேலைங்கறது ஒரே சீரா நடக்காது, பணம் வரலனா நிக்கும், ஆள் வரலனா நிக்கும், மழைனா நிக்கும், நம்ம ஊர்ல வீடு கட்டினவங்களுக்கு இத சொல்லவே வேணாம். பாதி எழும்பின கட்டடம் ஆறு மாசம் அப்படியே நிக்கும். அதனால அது வருஷத்த சொல்லும், நாள சொல்லாது. செப்டம்பர்னு மாசத்தோட சொன்னது அந்த சாட்சியால தாங்க முடியாத பாரம்னுதான் நான் சொல்லுவேன்.

இதுல நுழைஞ்சவர் டேவிட் கீன்னு ஒரு சினிமா வரலாற்றாளர். கலிபோர்னியாலயே ஃப்ரீமான்ட் ஊர்ல நைல்ஸ்னு ஒரு பகுதி, அங்க நைல்ஸ் எஸனே சைலன்ட் ஃபிலிம் மியூசியம் இருக்கு, எஸனேங்கற பழைய ஊமைப்பட கம்பெனிக்கு அங்க ஒரு ஸ்டுடியோ இருந்துச்சு, சாப்ளின் 1915ல அங்க படம் எடுத்திருக்கார். கீன் அந்த மியூசியத்து ஆள். 2009, 2010 வாக்குல இவர் இந்த ரீல தோண்ட ஆரம்பிச்சார், ஆரம்பிச்சது எங்கனா, தரைல இருந்து.

தெருவுல தண்ணி தேங்கி இருக்கு. தண்டவாளத்துக்கு பக்கத்துல, கல்லுக்கு நடுவுல பள்ளத்துல, வெளிச்சம் பட்டு மினுங்கற தண்ணி. எத்தனையோ பேர் எத்தனையோ வருஷமா பாத்த ஃபிலிம் அது, எல்லார் கண்ணும் வண்டிலயும் கட்டடத்துலயும் தொப்பிலயும்தான் இருந்துச்சு. கீன் தண்ணிய பாத்துட்டு கேட்ட கேள்வி சின்னது. செப்டம்பர்ல சான் பிரான்சிஸ்கோல மழை எங்க இருந்து வந்துச்சு?

அந்த ஊர் வானிலை தெரிஞ்சாதான் இந்த கேள்வியோட கனம் புரியும். நமக்கு ஐப்பசி கார்த்திகைல மழை, அவங்களுக்கு மழைக்காலம்னா நவம்பர்ல இருந்து மார்ச் ஏப்ரல் வரைக்கும். மே மாசத்துக்கு அப்புறம் வானம் மூடிக்கும், மூடுபனி வரும், ஆனா மழைனு சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் விழாது, செப்டம்பர்னா வருஷத்துலயே காய்ஞ்சு கெடக்கற நேரம். அதுக்காக ஒரு நாள் கூட பெய்யவே பெய்யாதானு கேட்டா பெய்யலாம், அதனால கீன் பழைய பேப்பர எடுத்து ஒவ்வொரு நாளா வானிலைய பாத்தார். தெருவுல இப்படி தேங்கற அளவுக்கு அந்த வாரங்கள்ல மழை இல்ல. அப்ப செப்டம்பர் அடிபட்டுச்சு. மழைக்காலத்துக்குள்ள தேட வேண்டியதாச்சு, தேடிட்டே வந்தா 1906 மார்ச் கடைசில நல்ல மழை.

இங்க நான் கொஞ்சம் நிக்கணும். இந்த வேலைய கத்துக்க நெனைக்கறவங்க தண்ணிய மட்டும் வச்சு முடிவு பண்ணிடக் கூடாது. அந்தக் காலத்துல அமெரிக்க ஊர்கள்ல புழுதி அடங்கறதுக்காக தண்ணி வண்டி வச்சு தெருவ நனைக்கற வழக்கம் இருந்துச்சு. குதிரைங்க தண்ணி குடிக்கற தொட்டி இருக்கும், வழியும். குழாய் உடைஞ்சிருக்கலாம். ஆக தண்ணி இருக்குனா மழைனு நேரா தாவ முடியாது. ஆனா தண்ணி வண்டி நனைச்ச தெரு ஒரே சீரா ஈரமா இருக்கும், சீக்கிரம் காயும், மழைத்தண்ணி பள்ளம் பாத்து நிக்கும், ஒரு எடத்துல மட்டும் இல்லாம வழி நெடுக தெரியும். இந்த வித்தியாசத்த ஃபிரேம் ஃபிரேமா பாக்கணும். பாத்த பிறகும் இது ஒரு சாட்சிதான், தீர்ப்பு இல்ல.

வானத்த பாத்தா மேகம் தெரியாதா, மழை நாளானு சொல்ல முடியாதானு ஒருத்தர் என்கிட்ட கேட்டார். நல்ல கேள்வி. முடியாது. அந்தக் கால ஃபிலிம் நீல வெளிச்சத்துக்குத்தான் ரொம்ப கூர்மை, சிவப்புக்கு கிட்டத்தட்ட குருடு. அதனால நீல வானமும் வெள்ள மேகமும் ரெண்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஒரே வெள்ளையா வந்துடும். சிவப்பு துணி கறுப்பா தெரியும். இது தெரியாம பழைய ஃபிலிம்ல எல்லாரும் கறுப்பு துணியே போட்டிருக்காங்க, துக்கம் போலனு சொல்றவங்கள பாத்திருக்கேன். கேமரா எத பாக்கும் எத பாக்காதுனு தெரிஞ்சுக்காம சாட்சிய எடுக்கக் கூடாது.

அடுத்தது நிழல். எனக்கு இந்த கேஸ்ல ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கங்க.

மார்க்கெட் ஸ்ட்ரீட் தென்மேற்குல இருந்து வடகிழக்கா போற தெரு. கேமரா ஃபெரி பில்டிங்க பாத்து போகுது, அதாவது வடகிழக்க பாத்து. மணிக்கூண்டுல கடிகாரம் இருக்கு, மத்தியானம் 3 மணி தாண்டின நேரம். அந்த நேரத்துல சூரியன் தென்மேற்குல, ஏறக்குறைய கேமராக்காரர் முதுகுக்கு நேர் பின்னாடி. படம் எடுக்க அருமையான வெளிச்சம், தெரு முழுக்க முன்னாடி பளிச்சுனு தெரியும், அதனாலதான் அந்த நேரத்த பிடிச்சிருப்பாங்கனு தோணுது. தேதி தேடறவங்களுக்கும் இது ஒரு வரம். சூரியன் தெருவோட கோட்டுக்கு ஒட்டினாப்புல இருக்கறதால, தண்டவாளத்துக்கு நிழல் எவ்வளவு சாய்வா விழுதுனு துல்லியமா அளக்கலாம், ரெண்டு மூணு டிகிரி மாறினா கூட கண்ணுக்கு தெரியும். அந்த ஊரோட அட்சரேகை தெரியும், தெருவோட திசை தெரியும், நேரம் கடிகாரத்துலயே இருக்கு, அப்புறம் நிழல் கோணத்த அளந்தா நாள் வந்துடணும். இந்த நிழல் கணக்கும் இந்த ரீலுக்கு போட்டாங்க, மார்ச் கடைசி வாரம் பக்கமா வந்துச்சு.

ஆனா இதுல ஒரு பொறி இருக்கு. சூரியன் வருஷத்துல ஒரே பாதைல ரெண்டு தடவ வரும். மார்ச் 21 வாக்குல பூமத்திய ரேகைக்கு நேரா வந்து வடக்க ஏறி, திரும்ப செப்டம்பர் 23 வாக்குல அதே எடத்துக்கு இறங்கும். அதனால மார்ச் 24ல ஒரு கம்பத்துக்கு விழற நிழலும் செப்டம்பர் 19, 20 வாக்குல விழற நிழலும் கிட்டத்தட்ட ஒண்ணு. இப்ப பழைய தேதி என்னனு ஞாபகப்படுத்திக்கங்க. 1905 செப்டம்பர்! அதாவது நிழல் மட்டும் இருந்திருந்தா பழைய தப்புக்கு அது முட்டு கொடுத்திருக்கும், ஆமா ஆமா செப்டம்பர்தான்னு தலையாட்டியிருக்கும். ரெண்டுல எதுனு பிரிச்சது தண்ணிதான். தண்ணி சொல்லுது மழைக்காலம்னு, நிழல் சொல்லுது மார்ச் கடைசி இல்லனா செப்டம்பர்னு, ரெண்டையும் சேத்தா ஒரு பக்கம் மூடிக்குது. தனித்தனியா ரெண்டுமே அரைகுறை.

இன்னொரு நுணுக்கமும் இருக்கு. கடிகாரமும் சூரியனும் வருஷம் பூரா ஒத்துப் போகாது. மார்ச் கடைசில சூரியன் கடிகாரத்த விட சுமார் 6 நிமிஷம் பிந்தி வரும், செப்டம்பர் 20 வாக்குல சுமார் 6 நிமிஷம் முந்தி வரும். ரெண்டுக்கும் நடுவுல 12 நிமிஷம், வானத்துல அது 3 டிகிரி. மணிக்கூண்டு கடிகாரம் சரியா ஓடிட்டு இருந்துச்சுனு நம்ப முடிஞ்சா, நிழல மட்டும் வச்சே கூட மார்ச்சா செப்டம்பரானு பிரிக்க ஒரு வழி இருக்கு. பொது கடிகாரத்த அவ்வளவு நம்பலாமாங்கறது வேற விஷயம், நான் நம்ப மாட்டேன், நாலஞ்சு நிமிஷம் முன்ன பின்ன ஓடற மணிக்கூண்டு எந்த ஊர்லதான் இல்ல.

மூணாவது நம்பர் பிளேட். கலிபோர்னியால 1905ல ஒரு சட்டம் வந்துச்சு, கார் வச்சிருக்கறவங்க எல்லாரும் மாகாண அரசுகிட்ட 2 டாலர் கட்டி பதிவு பண்ணணும்னு. அரசு ஒரு சின்ன வில்லையும் நம்பரும் கொடுக்கும், பிளேட்ட அரசு கொடுக்காது, அத சொந்தக்காரரே செஞ்சு மாட்டிக்கணும், தகரத்துலயோ தோல்லயோ. அரசே பிளேட் அடிச்சுக் கொடுத்தது 1914ல இருந்துதான். நம்பர் வரிசையா ஏறிட்டே போகும், இன்னைக்கு பதிவு பண்ணவருக்கு நேத்து பண்ணவர விட பெரிய நம்பர். ஆக ஒவ்வொரு காரும் முதுகுல ஒரு தேதிய ஒட்டிக்கிட்டு தெருவுல ஓடிட்டு இருக்கு, நமக்கு படிக்கத் தெரிஞ்சா போதும்.

கீன் நல்ல பிரின்ட்ல ஒரு பிளேட்ட படிச்சார், பதிவேட்டுல தேடினார். அந்த வண்டி பதிவானது 1906 ஆரம்பத்துல. இதுதான் அசைக்க முடியாத சாட்சி. மழைக்கு மாற்று விளக்கம் சொல்லலாம், நிழலுக்கு சொல்லலாம், கட்டடத்துக்கு சொல்லலாம், ஆனா இன்னும் கொடுக்கவே கொடுக்காத நம்பர மாட்டிக்கிட்டு 1905 செப்டம்பர்ல ஒரு வண்டி ஓட முடியாது. கீழ் எல்லை அங்க விழுந்துச்சு, 1906க்கு முன்னாடி இல்ல.

மேல் எல்லை எல்லாருக்கும் தெரிஞ்சது. 1906 ஏப்ரல் 18, விடியகாலை 5 மணி 12 நிமிஷம். நிலநடுக்கம், அளவு சுமார் 7.9, அதுக்கப்புறம் மூணு நாள் தீ. 3,000 பேருக்கு மேல செத்தாங்க, சுமார் 28,000 கட்டடம் போச்சு, நாலு லட்சம் பேர் இருந்த ஊர்ல பாதிக்கு மேல வீடில்லாம தெருவுக்கு வந்தாங்க. படத்துல ரெண்டு பக்கமும் நிக்கற அத்தனை கட்டடத்துல பெரும்பாலானது அந்த மூணு நாள்ல எரிஞ்சது, மைல்ஸ் பிரதர்ஸ் ஸ்டுடியோ உள்பட. இன்னொரு சாட்சியும் இருக்கு, யாரும் அதிகம் பேசறதில்ல. படத்துல மார்க்கெட் ஸ்ட்ரீட் மேல தலைக்கு மேல கரண்ட் கம்பி கிடையாது, வண்டி தரைக்கு அடியில ஓடற கேபிள்ல போகுது. நிலநடுக்கத்துக்கு அப்புறம் அந்த கேபிள் லைன திரும்ப போடல, மின்சார டிராம் வந்துடுச்சு. ஆக இந்த வண்டி ஓடறதே ஏப்ரல் 18க்கு முன்னாடினு சொல்லுது.

கீழ 1906 ஆரம்பம், மேல ஏப்ரல் 18, நடுவுல நிழலும் மழையும் சேந்து மார்ச் கடைசில இருந்து ஏப்ரல் நடு வரைக்கும்னு ஒரு சின்ன சந்துல கொண்டு வந்து நிறுத்திடுச்சு. நிலநடுக்கத்துக்கு அதிகம் போனா சில வாரம் முன்னாடி. ஒரே தேதிய அடிச்சு சொல்றவங்களும் இருக்காங்க, நாலு நாளைக்கு முன்னாடி எடுத்ததுனு நெறைய எடத்துல போட்டிருக்கும். எனக்கு அதுல உடன்பாடில்ல. சாட்சி எந்த அகலம் கொடுக்குதோ அந்த அகலத்துலதான் தேதிய எழுதணும், கதை உருக்கமா இருக்குங்கறதுக்காக சுருக்கக் கூடாது. இத சொல்றது எனக்கு கஷ்டமாதான் இருக்கு, ஏன்னா அந்த உருக்கம் என்னையும் பிடிச்சு ஆட்டுது.

அதான், தேதி மாறினதும் படமே மாறிப்போச்சு. ஒரு ஃபிரேம் கூட மாறல, ஆனா 1905 செப்டம்பர்னு நெனச்சு பாக்கறப்ப அது ஒரு பழைய ஊர். 1906 மார்ச், ஏப்ரல்னு தெரிஞ்சு பாக்கறப்ப தண்டவாளத்த குறுக்க கடக்கற அந்த அம்மா, வண்டி மேல உக்காந்து சுருட்டு பிடிக்கற அந்த பெரியவர், இவங்க எல்லாருக்கும் இன்னும் சில வாரம்தான் இந்த தெரு இப்படி இருக்கும். தேதிங்கறது கேட்லாக்ல நிரப்பற ஒரு கட்டம் மட்டும்னு நெனைக்கறவங்க இத பாக்கணும்.

நெகட்டிவ் தப்பிச்சதும் ஒரு நூல் எழைலதான். நிலநடுக்கத்துக்கு முந்தின ராத்திரி அது நியூயார்க்குக்கு ரயில்ல ஏறிடுச்சு. ஏறலனா ஸ்டுடியோவோட அதுவும் எரிஞ்சிருக்கும், அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் நெருப்ப பாத்தா பெட்ரோல் மாதிரி. 2010ல இந்தப் படம் அமெரிக்க நேஷனல் ஃபிலிம் ரெஜிஸ்ட்ரில, அதாவது பாதுகாத்து வைக்க வேண்டிய படங்களோட பட்டியல்ல, சேந்துச்சு, அதே வருஷம் டிவிலயும் இந்த தேதி கதை வந்து பரவலா தெரிஞ்சுது.

இப்ப ஒரு எச்சரிக்கை. படத்துல நெறைய கார் ஓடுது, அப்பவே இவ்வளவு காரானு ஆச்சரியப்படுவீங்க. நல்லா கவனிச்சா அதே கார் திரும்ப திரும்ப வரும். கேமராவ தாண்டி போயி, சுத்தி வந்து, மறுபடி தாண்டும், ஒரு கார் பத்து தடவ வருதுனு எண்ணியிருக்காங்க. அப்ப கார்ங்கறது அந்த ஊர்ல இன்னும் புதுசு, தெரு நெறைய குதிரை வண்டிதான், ஊர் பணக்காரத்தனமா நவீனமா தெரியணும்னு எடுத்தவங்களே ஏற்பாடு பண்ணியிருக்கணும். நடிகர் கிடையாதுனு மேல சொன்னேன் இல்லையா, அத இங்க திருத்திக்கறேன், காருங்கதான் நடிகருங்க. இந்த படத்த வச்சு 1906ல இத்தனை சதவீதம் கார்னு யாராவது கணக்கு போட்டா மொத்தமும் தப்பா போகும். ஆனா பாருங்க, அதே ஏற்பாடுதான் தேதியையும் காட்டிக் கொடுத்துச்சு, கார் கேமராவுக்கு கிட்ட திரும்ப திரும்ப வந்ததாலதான் பிளேட்ட படிக்க அத்தனை வாய்ப்பு.

சரி, தேதி ஆச்சு, ஆளுங்க? நூத்துக்கணக்கான முகம் தெரியுது, பேர் தெரியல. பிளேட் நம்பர வச்சு வண்டி யார் பேர்ல பதிவாச்சுனு தெரியும், ஓட்டறது அவரேதானானு பிளேட் சொல்லாது, நண்பர் ஓட்டலாம், வேலைக்கு வச்ச டிரைவர் ஓட்டலாம். தேதிக்கு சூரியன், மழை, பதிவேடுனு வெளில இருந்து சாட்சி வரும், முகத்துக்கு அந்த மாதிரி எதுவும் வராது. முகம் பேசணும்னா கூட இருந்தவங்க யாராவது பேர் சொல்லியிருக்கணும்.

அதுக்கு நல்ல உதாரணம் இங்கிலாந்துல லீட்ஸ் பக்கத்துல ரவுண்டே ஊர்ல 1888ல சினிமா கேமராவ கண்டுபிடிச்ச முன்னோடிகள்ல ஒருத்தரான லூயி லெ பிரின்ஸ் எடுத்த தோட்டத்து காட்சி, இன்னைக்கு மிஞ்சியிருக்கறது வெறும் 20 ஃபிரேம் வாக்குல. நாலு பேர் ஒரு வீட்டு தோட்டத்துல வட்டமா நடக்கறாங்க. லெ பிரின்ஸ் பையன் அடால்ஃப், மாமனார் ஜோசப் விட்லி, மாமியார் சாரா விட்லி, இன்னொரு பொண்ணு. பேர் தெரிஞ்சது எப்படினா குடும்பம் சொன்னதால, அதுலயும் படத்துல நடந்த அடால்ஃபே பின்னாடி சொன்னதால. தேதியும் அவர் சொன்னதுதான், 1888 அக்டோபர் மாசம், 14ம் தேதினு இப்ப எழுதறோம். ஒருத்தர் ஞாபகத்துல இருந்து வந்த தேதிய அப்படியே நம்பலாமா? அப்பாவோட கண்டுபிடிப்புக்கு முதலிடம் கிடைக்கணும்னு போராடின பையன் வேற, தேதிய முன்னாடி தள்ள அவருக்கு ஆசை இருக்கும். ஆனா இங்க ஒரு கல்லறை சாட்சியா நிக்குது. சாரா விட்லி 1888 அக்டோபர் 24ல காலமாயிட்டாங்க, வயசு 72. படத்துல அவங்க நடக்கறாங்க. அப்ப அந்த தேதிக்கு அப்புறம் இத எடுத்திருக்கவே முடியாது. சான் பிரான்சிஸ்கோவுக்கு நிலநடுக்கம் எப்படியோ அப்படி இங்க ஒரு பாட்டியோட சாவு, மேல் எல்லை.

நாலாவது பொண்ண ரொம்ப காலமா அனி ஹார்ட்லினு எழுதிட்டு இருந்தாங்க, இப்ப ஹாரியட் ஹார்ட்லினு திருத்தியிருக்காங்க. நாலே பேர், குடும்பமே பேர் சொன்ன படம், அதுலயே ஒரு பேர் இத்தனை வருஷம் தப்பா நின்னுச்சு. ஒரு தடவ எழுதிட்டா அடுத்தவர் அத பாத்து எழுதறார், அவர பாத்து இன்னொருத்தர், யாரும் ஆரம்பத்துக்கு போய் பாக்கறதில்ல. 1905 செப்டம்பரும் இப்படித்தான் நின்னுச்சு.

இதுக்கு நேர் எதிரா பாரிஸ்ல ஒரு கேஸ். 1904 நவம்பர் 14ல ஒரு பெரிய இடத்து கல்யாணம், மதலேன் தேவாலயத்துல, படிக்கட்டுல விருந்தாளிங்க இறங்கி வர்றத யாரோ ஃபிலிம் எடுத்திருக்காங்க. தேதில சந்தேகமே இல்ல, கல்யாணத் தேதி பேப்பர்ல இருக்கு. 2017ல கனடா லவால் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் பியேர் சிரோவா திராஹான், அதுல தனியா வேகமா படியிறங்கற, பௌலர் தொப்பியும் வெளிறின சாம்பல் நிற கோட்டும் போட்ட ஒரு மீசைக்காரர் எழுத்தாளர் மார்செல் புரூஸ்டா இருக்கலாம்னு எழுதினார். காரணம் இருக்கு. புரூஸ்ட் அந்த கல்யாணத்துக்கு போனவர், அப்ப வயசு 33, உருவம் ஒத்துப் போகுது, உடையும் அவர் பாணி. ஆனா பக்கத்துல இருந்த யாரும் இவர்தான்னு சொல்லி வைக்கல, ஃபிரேம் ஓரத்துல பேரும் எழுதல. சில செகண்ட்தான். அதனால அங்க இருக்கலாம்ங்கற வார்த்தைய விடவே கூடாது, ஆனா செய்தியா வெளிவந்தப்ப பாதி எடத்துல அந்த வார்த்தை காணாம போச்சு. ஆள் அங்க இருந்தார்ங்கறதும், ஃபிரேம்ல தெரியற ஆள் அவர்தாங்கறதும் வேற வேற, முதலாவத நிரூபிச்சா ரெண்டாவது தானா வந்துடாது.

இப்ப இந்த மாதிரி வேலைல புதுசா ஒரு ஆபத்து வந்திருக்கு, அத சொல்லாம விட முடியல. மார்க்கெட் ஸ்ட்ரீட் ஃபிலிம கலர் ஏத்தி, கம்ப்யூட்டர்ல கூர்மையாக்கி, செகண்டுக்கு 60 ஃபிரேமாக்கி, வண்டி சத்தம் எல்லாம் சேத்து போட்ட வீடியோ நெறைய இருக்கு, கோடிக்கணக்குல பாத்திருக்காங்க, எனக்கும் அதுல கோபம் இல்ல, அத பாத்துதான் பலபேர் மூலத்துக்கு வர்றாங்க. ஆனா அந்த கூர்மை ஃபிலிம்ல இருந்து வந்தது இல்ல, மெஷின் யூகிச்சு வரைஞ்சது. மங்கலா 3ஆ 8ஆனு தெரியாத எடத்துல அது ஒண்ண தேர்ந்தெடுத்து தெளிவா எழுதிடும். முகத்துல கண்ணு மூக்க அதுவே வச்சிடும். கோட் நீலம்னு அதுவே முடிவு பண்ணிடும். இந்த வீடியோவ நிறுத்தி வச்சு பிளேட் நம்பர படிச்சேன், இந்த முகம் எங்க கொள்ளுத் தாத்தானு சொன்னா அது சாட்சியே இல்ல. நல்ல பிரின்ட்ல இருந்து எடுத்த, கை வைக்காத ஸ்கேன்ல மட்டும்தான் படிக்கணும். மங்கலா இருந்தா மங்கலா இருக்குனு எழுதணும்.

ஓட்டற வேகமும் அப்படித்தான். அந்தக் கால கேமரா கையால சுத்தறது, செகண்டுக்கு சுமார் 16 ஃபிரேம், அதுவும் சுத்தறவர் கை அசந்தா குறையும். அத 24 ஃபிரேமுக்கு ஓட்டினா 13 நிமிஷம் 9 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும், ஜனங்க துள்ளித் துள்ளி ஓடுவாங்க. இந்த ரீல்ல ஒரு வசதி, கேபிள் கார் தரைக்கு அடியில ஒரே வேகத்துல ஓடற கேபிள பிடிச்சுட்டு போகுது, தெருவோட நீளம் தெரியும், அப்ப ரெண்டு குறுக்குத் தெருவுக்கு நடுவுல எத்தனை ஃபிரேம்னு எண்ணினா கை எவ்வளவு வேகமா சுத்துச்சுனு கிட்டத்தட்ட கணக்கு போட்டுடலாம், கார் நிக்காம ஓடற துண்டா பாத்து எண்ணணும். நான் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க இத உக்காந்து எண்ணியிருக்கேன், கண்ணு வலிச்சது, ஆனா எட்டாவது தெருவுக்கு அப்புறம் எந்த கடை எந்த பக்கம்னு இப்ப மனப்பாடம்.

மைல்ஸ் பிரதர்ஸ் நிலநடுக்கத்துக்கு அப்புறமும் கேமராவோட அதே தெருவுக்கு வந்தாங்க. அந்த ரீல் பல வருஷம் காணாம போயி, கடைசில சான் பிரான்சிஸ்கோல பழைய சாமான் விக்கற சந்தைல கிடைச்சுது, சுமார் 9 நிமிஷம், 2018 ஏப்ரல்ல நைல்ஸ்லயே தியேட்டர்ல திரை கட்டி போட்டாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. இதுக்கு தேதி கண்டுபிடிக்க நிழலும் வேணாம் பிளேட்டும் வேணாம். ரெண்டு பக்கமும் செங்கல் குவியலும் எரிஞ்ச சுவரும், நடுவுல ஜனங்க நடந்துட்டே இருக்காங்க, தெருக் கடைசில ஃபெரி பில்டிங் மணிக்கூண்டு மட்டும் முதல் படத்துல நின்ன அதே எடத்துல நிக்குது.